நிக்கல் கம்பி வாங்கும் முன்

சித்தூர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாமா எழுதுவது. கிடாருக்கு நிக்கல் ஸ்ட்ரிங் போடலாமா என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதி உன் காதில் விழும், மீதியைக் கடைக்காரர் பேசியே அழித்துவிடுவார். அதனால்தான் காகிதத்தில்.

எந்தப் பாக்கெட் வாங்கினாலும் மெல்லிய கம்பி இரண்டும் வெறும் எஃகுதான். நிக்கலா பிரான்ஸா (வெண்கலமா) என்று நீ மண்டையைக் குழப்பிக்கொள்வதெல்லாம் மற்ற நாலு கம்பிக்காகத்தான். அந்த நாலிலும் நடுவில் ஓடுவது எஃகு. மேலே சுற்றியிருப்பது எது என்பதுதான் கேள்வி. உங்கள் காலேஜில் வீணைக்காரப் பெண்ணைக் கேட்டுப் பார். சாரணி, பஞ்சமம் இரண்டுக்கும் எஃகைத் தவிர வேறு யோசனை கிடையாது. மந்தரத்துக்கும் அனுமந்தரத்துக்கும் வரும்போதுதான் ஆளுக்கு ஒரு கட்சி.

நீ இப்போது போட்டிருப்பது 80/20. செம்பு 80 பங்கு, துத்தநாகம் 20. அட்டையில் பிரான்ஸ் என்று இருந்தாலும் நம் வீட்டுக் குத்துவிளக்கு ஜாதி, பித்தளைதான். இன்னொன்று பாஸ்பர் பிரான்ஸ்: செம்போடு 8 பங்கு வெள்ளீயம், துளி பாஸ்பரஸ். டடாரியோ கம்பெனி 1974ல் கொண்டுவந்தது. இன்று அக்கூஸ்டிக் கிடார் என்றால் பாதிப் பேர் கை அதற்குத்தான் போகும். இரண்டிலும் செம்புதான் பெரும்பங்கு. புதிதாகப் போட்டதும் கலகலவென்று பேசும். பிறகு வியர்வை உப்பு செம்பைப் பிடிக்கும், கறுக்கும், சத்தம் மந்தமாகும். திருப்பதி வெயிலில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து வாசிக்கிற உனக்கு இது நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நீ பாடுகிற அன்னமய்யா கீர்த்தனைகள் செப்பேட்டில் நூற்றாண்டுக் கணக்கில் திருமலையில் கிடந்தும் நமக்குக் கிடைத்தன. அது தடித்த தகடு, தினமும் யாரும் தொட்டதும் இல்லை. உன் மூன்றாவது கம்பியின் மேல் சுற்றியிருக்கும் இழை கால் மில்லிமீட்டர்கூட இராது, அதன் மேல் தினமும் உன் விரல்.

இனி நிக்கல். கடையில் நிக்கல் என்று கேட்டால் மூன்று வெவ்வேறு பொருள் வரலாம். முதலாவது எலெக்ட்ரிக் கிடார் கம்பி: எஃகு இழைக்கு நிக்கல் பூச்சு. விலை குறைவு, எங்கும் கிடைக்கும், கடைக்காரர் இதைத்தான் நீட்டுவார். வாங்காதே. சாதாரணமாக அந்த செட்டில் மூன்றாவது கம்பிக்குச் சுற்றே இருக்காது. உன் கிடாரின் பிரிட்ஜில் இருக்கும் வெள்ளை எலும்புத் துண்டு சுற்றிய மூன்றாவது கம்பிக்கென்று இழைத்தது. வெறும் கம்பி போட்டால் மேலே போகப் போக சுருதி ஏறும். பாடுகிறவளுக்கு அது நரகம். கம்பியும் மெலிசு என்பதால் பெட்டி சரியாக அதிராது.

இரண்டாவது, சுத்த நிக்கல் சுற்றியது. மூன்றாவது மோனல்: மூன்றில் இரண்டு பங்கு நிக்கல், மீதி பெரும்பாலும் செம்பு. கடல் உப்புக்கு அசராது என்று கப்பல் சாமான்களுக்குப் பயன்படுத்துகிற உலோகம், உன் வியர்வை அதற்கு எந்த மூலைக்கு! மார்ட்டின் கம்பெனி ‘ரெட்ரோ’ என்ற பெயரில் விற்கிறது. புளூகிராஸ் வாசித்த டோனி ரைஸ் பெயரிலேயே ஒரு மோனல் செட் உண்டு.

சத்தம் எப்படி இருக்கும் என்கிறாயா? முதல் நாள் உனக்குப் பிடிக்காது. மினுமினுப்பு இல்லை, வறண்ட சத்தம், நடு ஸ்தாயிதான் முன்னால் நிற்கும். ஆனால் போகிற பளபளப்பு ஆரம்பத்திலேயே இல்லாததால், வாரங்கள் போனாலும் ஏறக்குறைய அதே சத்தம்தான். தனியாக உட்கார்ந்து கார்டு தட்டி மகிழ்கிறவனுக்கு நான் பாஸ்பர் பிரான்ஸ்தான் சொல்வேன். உன் கதை வேறு. நீ பாடுகிறாய், கிடார் உன் குரலுக்கு அடியில் இருக்க வேண்டியது. பிரான்ஸின் கலகலப்பு உன் மேல் ஸ்தாயியில் வந்து மோதுகிறது. போன தடவை நீ அனுப்பிய பதிவில் ‘ச’ எழுத்தெல்லாம் கம்பியோடு கலந்து கேட்டது. நிக்கல் வழி விடும்.

நிக்கலில் கமகம் நன்றாக வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. மாண்டலின் ஸ்ரீனிவாஸுக்கு ஸ்வரம் அப்படி நீண்டு நின்றதற்கு அவர் கையும் எலெக்ட்ரிக் மாண்டலினும்தான் காரணம். இழுத்து வாசிக்க உனக்குத் தேவை மெலிந்த செட். முதல் கம்பியின் கனம் 12க்குப் பதில் 11ல் ஆரம்பிப்பதை வாங்கு. 12 செட் ஆறு கம்பியும் சேர்ந்து பிரிட்ஜை எழுபது கிலோவுக்கு மேல் இழுக்கும். உன் கிடார் பெட்டிக்கும் 11தான் நல்லது.

மேடையில் என்ன செய்வது என்றும் கேட்டாய். கடையில் செமி அக்கூஸ்டிக் என்று விற்கிற உன் கிடாரில் பிக்கப் அந்த எலும்புத் துண்டுக்கு அடியில் இருக்கிறது. அது அதிர்வை அழுத்தமாக வாங்குவது. எந்த உலோகமானாலும் சரி. துவாரத்தில் மாட்டும் காந்தப் பிக்கப் வாங்கினால்தான் வித்தியாசம். காந்தத்துக்கு பிரான்ஸ் சுற்று கண்ணுக்கே தெரியாது, உள்ளே உள்ள எஃகு மட்டும் தெரியும்; அதனால் வெறும் எஃகான மெல்லிய இரண்டும் கத்தும், மற்றவை முனகும். எங்கள் ஆர்கெஸ்ட்ராவில் அக்கூஸ்டிக் கிடாருக்கு நாங்கள் நிக்கல் போட்டதே அதற்காகத்தான், ருசிக்காக இல்லை.

இதெல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. சின்ன வயசில் கவரிங் கம்மல் போட்டு உனக்குக் காது புண்ணானதாக அக்கா சொன்ன ஞாபகம். அது பெரும்பாலும் நிக்கல் ஒவ்வாமைதான். இப்போதும் வாட்ச் பின்பக்கமோ பெல்ட் பக்கிளோ பட்டால் அரிக்கிறதா? அரித்தால் நான் மேலே எழுதியதை மறந்துவிட்டு, மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு போட்ட பாஸ்பர் பிரான்ஸ் வாங்கு. விலை அதிகம், ஆனால் வியர்வை உள்ளே போகாது, ரொம்ப நாள் வரும்.

அரிப்பு இல்லை என்றால் மோனல், 11 செட். திருப்பதியில் கிடைக்காவிட்டால் அலையாதே. அடுத்த மாதம் சென்னை போகிறேன், மவுண்ட் ரோடு மியூசி மியூசிக்கலில் கேட்டுப் பார்க்கிறேன். 12லிருந்து 11க்கு மாறும்போது இழுவிசை குறைந்து கழுத்து கொஞ்சம் நிமிரும், கம்பி ஃப்ரெட்டில் உரசலாம். அப்படி உரசினால் கழுத்துக்குள் இருக்கும் ராடை நீயே திருகாதே. கிடாரோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வா. அத்தை உனக்காக மாவடு போட்டு வைத்திருக்கிறாள்.

அன்புடன்,
மாமா