மெய் நழுவிய சொற்கள்

பெரம்பலூரிலிருந்து ஆத்தூர்ச் சாலை வழியாக வேப்பந்தட்டைக்குப் பேருந்தில் வந்து தமிழ் நடத்தும் ஆசிரியர் இருவர் நாங்கள். பல்லாண்டுகளாக எங்கள் வழித்துணை ஒரு கைபேசியும் ஓர் இயர்போனும். இடக்குமிழ் ஒருவருக்கு, வலக்குமிழ் மற்றவருக்கு. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி தொடங்கிவிட்டால் இறங்கும் வரை எங்களுக்குள் பேச்சிராது.

பேருந்தின் இரைச்சலை மீறித் தோடி கேட்கவேண்டுமே! ஒலியைக் கூட்டினோம். மற்றொரு காது திறந்தே கிடந்ததால் அவ்வழி புகுந்த இரைச்சல், இன்னும் கூட்டச் சொன்னது. நான்கு வீதிக்கும் கேட்கவென்று அமைந்த நாகசுரத்தைச் செவித்துளைக்குள் வைத்து முழக்குகிறோம் என்பது ஒருநாளும் எங்களுக்கு உறைக்கவில்லை.

பிறகு வகுப்பில் ஒரு சிறு விபத்து. கடைசி வரிசை மாணவர் ஒருவர் 'தனி' என்று படித்தார். எங்களில் ஒருவருக்கு அது 'கனி' என்று விழுந்தது. கனிக்கு நெடிய விளக்கம் சொல்லி முடித்தபின், "தனிங்க ஐயா" என்றார் அம்மாணவர், மிகுந்த மரியாதையுடன். மற்றவர் வகுப்பிலோ 'பனி' கனியாயிற்று. இரவில் இருவர் காதிலும் சில்வண்டின் ரீங்காரம் வேறு.

செவிப் பரிசோதனையில் ஒருவருக்கு இடக்காதும் மற்றவருக்கு வலக்காதும் பழுது என்று தெரிந்தது. குமிழ் பிரித்த கணக்கு அப்படியே தாளில் இருந்தது!

உட்செவியின் நத்தை எலும்புக்குள் சுமார் 15,000 முடிச்செல்கள் உள்ளன. மனிதருக்கு அவை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. பேரொலி முதலில் தாக்குவது உயர்சுருதியைக் கேட்கும் செல்களை. பேச்சில் உயிரொலிகளின் வலிமை பெரும்பாலும் கீழ்ச்சுருதியில் இருக்கிறது. க, த, ப ஆகியவற்றைப் பிரித்துக் காட்டும் நுண்வெடிப்போ உயர்சுருதியைச் சார்ந்தது. ஆகவே உயிர் கேட்கிறது, மெய் நழுவுகிறது. இலக்கணம் நடத்துவோர்க்கு இதைவிடக் கொடிய எள்ளல் உண்டோ?

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு எளியது. 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணிநேரம் கேட்கலாம்; 90 டெசிபல் என்றால் 4 மணிநேரமே. 3 டெசிபல் கூடினால் ஒலியாற்றல் இரட்டிப்பாகிறது என்பதே காரணம். கைபேசியின் ஒலியளவை 60 விழுக்காட்டுக்குள் நிறுத்துவது நல்லது. காதில் ரீங்காரம் எழுந்தால் அது எச்சரிக்கை. பருத்தி ஆராய்ச்சி நிலையம் உள்ள ஊர் இது. ஆனாலும் வெறும் பஞ்சை அடைப்பதால் பெரிய காப்பில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

இப்போது பேருந்தில் தோடி இல்லை. மாலையில், வீட்டின் அமைதியில், தாழ்ந்த ஒலியில் கேட்கிறோம். குறளின் 'கேள்வி' அதிகாரத்தை நடத்தும்போது முன்பு அறிவுரை சொல்வோம். இன்று எங்கள் பரிசோதனைத் தாளைக் காட்டுகிறோம். கடைசி வரிசை மாணவர் படிக்கத் தொடங்கினால் எழுந்து அவர் அருகில் போய் நிற்கிறோம். கனியா, பனியா, தனியா என்று தெரிந்துகொள்ள எங்களுக்கு இனி அதுவே வழி.