ஏற்காட்டில் இரண்டு நாள்: யார் யாரைப் படிக்கிறார்கள்?

ஜெர்மனியிலிருந்து வந்து சென்னையில் ஒரு செமஸ்டர் சமூகவியல் படிக்கும் மாணவி ஒருவர், வார விடுமுறையில் ஏற்காடு பார்க்க வேண்டும் என்றார். சேலத்தில் களப்பணி செய்யும் நாங்கள் மூன்று பேர் உடன் சென்றோம். 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி முடிப்பதற்குள் அவரது முதல் கேள்வி வந்துவிட்டது: "இந்த ஊரை உருவாக்கியவர் யார்?"

சுற்றுலாப் புத்தகங்களில் இதற்குப் பதில் தயாராக இருக்கிறது. 1820 முதல் 1829 வரை சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காபியைக் கொண்டுவந்தார், அவரே ஏற்காட்டின் தந்தை. கொண்டுவந்தவர் பெயர் இருக்கிறது. காட்டை வெட்டியவர், குழி தோண்டியவர், நாற்று நட்டவர் பெயர்கள் இல்லை. இந்தியாவில் அடிமைமுறைக்கு இருந்த சட்ட அங்கீகாரம் 1843-ல்தான் நீங்கியது. காபி மலையேறிய காலத்தில், கீழே சமவெளியின் பல பகுதிகளில் நம் முன்னோர்கள் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

மலையும் ஆளில்லாமல் கிடக்கவில்லை. தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து சேர்வராயன், கொல்லி, பச்சை மலைகளில் குடியேறியதாகச் சொல்லும் மலையாளிப் பழங்குடிகள் வெள்ளைக்காரருக்கு வெகுகாலம் முன்பே இங்கே வாழ்ந்தவர்கள். தமிழ் பேசும் இவர்களுக்கும் கேரளத்துக்கும் சம்பந்தமில்லை. இன்று ஏற்காடு பழங்குடியினருக்கான தனித்தொகுதி. ஆனால் படகுத்துறைக்கும் லேடீஸ் சீட்டுக்கும் வருபவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

சனிக்கிழமை மாலை தங்கும் விடுதிக்குப் போனோம். மாணவியின் பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் சாவியை நீட்டினார்கள். எங்களிடம் ஆதார் அட்டையை வாங்கிய பிறகும் விசாரணை தொடர்ந்தது. "எந்த ஊரு தம்பி?" "ஊருல எந்தத் தெரு?" "அப்பா என்ன பண்றாரு?" அறை கிடைத்தது, உண்மைதான். ஆனால் அந்தக் கேள்விகளைத் தாண்டித்தான் கிடைத்தது. "அக்கறையாக விசாரிக்கிறாரோ?" என்று மாணவி கேட்டார். நம் ஊரில் தெருவைக் கேட்பது சாதியைக் கேட்பது என்று விளக்கினோம். பல ஆயிரம் மைல் தாண்டி வந்தவருக்கு இல்லாத விசாரணை, 30 கிலோமீட்டர் தாண்டி வந்த எங்களுக்கு.

1934-ல் அண்ணல் அம்பேத்கர் தோழர்களோடு தௌலதாபாத் கோட்டையைப் பார்க்கப் போனார். கொலம்பியா, லண்டன் பட்டங்கள் பெற்றவர். வாசலில் இருந்த குளத்தில் கைகால் கழுவியதற்காகக் கூட்டம் சூழ்ந்தது. கடைசியில், தண்ணீரைத் தொடக் கூடாது என்ற நிபந்தனையோடு, ஆயுதம் ஏந்திய காவலர் உடன்வரத்தான் கோட்டையைப் பார்க்க முடிந்தது. நமக்குச் சுற்றுலாவும் உரிமைப் பிரச்சினைதான்.

மறுநாள் ஒரு காபித் தோட்டத்தின் ஓரம், பழம் பறித்துவிட்டு ஓய்வெடுத்த அக்கா ஒருவரிடம் பேசினோம். அடிவாரத்துச் சேரிக்காரர். மாணவி கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார். பிறகு எங்களிடம் கேட்டார்: "இந்தப் பொண்ணு எங்களப் பத்திப் படிக்க இவ்வளவு தூரம் வந்திருக்கு. எம்பொண்ணு காலேஜ் படிக்கிறா. அவ அந்த ஊருக்குப் போயி எங்களப் பத்திப் படிக்க முடியுமா?"

இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் கசப்பானது. பட்டியல் சாதி மாணவர்கள் வெளிநாட்டில் படிக்க ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை இருக்கிறது. 2022-ல் அதன் விதிமுறைகளை மாற்றினார்கள். இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியா குறித்த சமூக ஆய்வு ஆகிய தலைப்புகளுக்கு உதவித்தொகை கிடையாது என்றார்கள். இந்தியாவைப் பற்றி இங்கேயே படிக்கலாமே என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். ஜெர்மன் மாணவி இங்கே வந்து சாதியைப் படிக்கலாம். அந்த அக்காவின் மகள் இந்தப் பணத்தில் ஜெர்மனிக்குப் போய்ச் சாதியைப் படிக்க முடியாது.

இப்படி ஒரு விதி பரோடா சமஸ்தானத்தில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்த அரசின் உதவித்தொகையில் 1913-ல் கொலம்பியா சென்ற அம்பேத்கர்தான், 1916 மே மாதம் அங்கே 'இந்தியாவில் சாதிகள்' என்ற ஆய்வுரையை வாசித்தார். "எந்தத் தெரு" என்று யாரும் கேட்காத வகுப்பறையில் உட்கார்ந்து தெருவைப் பற்றி யோசிக்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. அது நம் பிள்ளைகளுக்கும் வேண்டும். வழிகாட்டியின் தயவில் ஆய்வை முடிக்க வேண்டிய நிலையில் இருக்கும் நம் மாணவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

எங்களோடு வந்த மாணவியை நாங்கள் குறை சொல்லவில்லை. நல்ல கேள்விகள் கேட்டார், கேட்க அவருக்கு வாய்ப்பு இருந்தது. அதே வாய்ப்பைத்தான் நாமும் கேட்கிறோம். தோழர்களே, அந்த விதியை நீக்கும் கோரிக்கையை உங்கள் கல்லூரி அமைப்புகளில் தீர்மானமாக்குங்கள். அயல்நாட்டுப் படிப்புக்கு மாநில அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டமும் இருக்கிறது, அதன் நிபந்தனைகளைப் படித்து விண்ணப்பியுங்கள். கையில் பணம் இருக்கும்போது இரண்டு நாள் பயணம் போங்கள். போகும் ஊரில் நிறுவியவரின் பெயரைப் படித்ததோடு திரும்பாமல், கல் சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது எங்கே குடியிருக்கிறார்கள் என்று விசாரியுங்கள்.