முதலில் ஒரு கட்டில்

கனடாவில் செப்டம்பர் வகுப்புகள் தொடங்கும்போதெல்லாம் இரண்டு பேச்சுகள் சேர்ந்து கிளம்பிவிடுகின்றன. ஒன்று தூத்துக்குடியில். பேஸ்மென்ட்டில் எட்டுப் பேரோடு நெருக்கியடித்துக் கிடப்பதற்கா வீட்டுப் பத்திரத்தை பேங்கில் வைத்துப் பிள்ளையை அனுப்பினீர்கள் என்று சொந்தக்காரர்கள் கேட்பது. மற்றொன்று டொரன்டோவைச் சுற்றியுள்ள ஊர்களில். இந்த மாணவர்கள் வந்து இறங்கிய பிறகுதான் வாடகை இப்படி ஏறியது என்று உள்ளூர்க்காரர்கள் சொல்வது. அப்படிச் சொல்பவர்களில் முப்பது வருடத்துக்கு முன் இதே மாதிரி வந்து இறங்கிய நம்மவர்களும் உண்டு. இரண்டு பேச்சிலும் குற்றவாளிக் கூண்டில் நிற்பது அந்தப் பிள்ளைதான். ஊர்க்காரர் கண்ணுக்கு அவன் பேராசைக்காரன், இங்குள்ளவர் கண்ணுக்கு இடத்தைப் பறிக்க வந்தவன். அவனுக்குச் சேர்க்கைக் கடிதம் கொடுத்த கல்லூரியைப் பார்த்து, அனுமதியை எழுதிக்கொடுத்த அரசைப் பார்த்து, பணத்தை வாங்கினீர்களே, படுக்க எங்கே இடம் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்க ஆளில்லை. கேட்க வேண்டிய கேள்வி அது ஒன்றுதான் என்பது என் வாதம். காசு வாங்கிக்கொண்டு மாணவனை அழைக்கிற நாடு முதலில் அவனுக்கான கட்டிலைக் காட்ட வேண்டும். விசா அதற்குப் பிறகு.

கனடா எதையும் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு விடுகிற நாடு இல்லை. அந்த ஒழுங்கை மதித்துத்தான் நம்மில் பலர் இங்கே வேர்விட்டோம். கைரேகை, மருத்துவப் பரிசோதனை எல்லாம் உண்டு. 2023 டிசம்பர் முதல் சேர்க்கைக் கடிதம் உண்மையானதுதானா என்று கல்லூரியிடமே நேரடியாகக் கேட்டு உறுதி செய்கிறார்கள். செலவுக்குக் கையில் பணம் இருக்கிறதா என்பதில் இன்னும் கண்டிப்பு. இருபது வருடமாக 10,000 டாலராக இருந்த அந்தத் தொகை 2024 ஜனவரியில் 20,635 டாலர் ஆனது, 2025 செப்டம்பரில் 22,895 ஆனது. வாடகையையும் மனத்தில் வைத்துத்தான் இந்தக் கணக்கைப் போடுகிறார்கள். ஆனால் அந்தப் பணத்தைக் கொடுத்தால் அறை கிடைக்குமா என்பதை யாரும் சரிபார்ப்பதில்லை. 2023 கடைசியில் படிப்பு அனுமதி வைத்திருந்தவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். ஐந்தில் இருவர் இந்தியர். ஒன்டாரியோ மாகாணத்தின் கிச்சனர் நகரில் தலைமையிடம் வைத்திருக்கும் கனஸ்டோகா கல்லூரிக்கு மட்டும் அந்த ஓராண்டில் 30,000க்கு மேற்பட்ட அனுமதிகள் கிடைத்தன. அதன் கிளைகள் பக்கத்து ஊர்களிலும் உண்டு என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். 2021 கணக்கெடுப்பில் கிச்சனரின் மக்கள்தொகை இரண்டரை லட்சம். 2011 கணக்கெடுப்பில் தூத்துக்குடி மாநகரமும் ஏறக்குறைய அவ்வளவுதான். போல்பேட்டையிலும் மில்லர்புரத்திலும் பிரையன்ட் நகரிலும் ஒரே வருடத்தில் இத்தனை வெளியூர்ப் பிள்ளைகள் வாடகைக்கு அலைந்தால் என்ன ஆகும் என்று நம் ஊர்க்காரர் எவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. இத்தனை பேரை அழைப்பதற்குக் காரணம் இருந்தது. ஒன்டாரியோ மாகாணம் 2019ல் உள்ளூர் மாணவர் கட்டணத்தைப் பத்து சதவீதம் குறைத்து அப்படியே உறைய வைத்தது. வருமானத்தில் விழுந்த ஓட்டையை அடைக்கக் கல்லூரிகள் வெளிநாட்டுப் பிள்ளைகளைத் தேடின. 2024-25ல் கனடாவில் இளங்கலைப் படிப்புக்கு உள்ளூர் மாணவர் சராசரியாகக் கட்டியது சுமார் 7,400 டாலர், வெளிநாட்டு மாணவர் கட்டியது சுமார் 40,000. அவ்வளவு வித்தியாசத்தில் காசு வாங்குகிறவர்களுக்குக் கட்டில் போட வகையில்லை என்றால் நம்புவதற்கில்லை.

துறைமுகத்து ஊரில் பிறந்தவர்களுக்கு இது இன்னும் உறுத்தலாகவே இருக்கும். தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகத்துக்கு வந்து நிற்கிற கப்பலில் பிலிப்பைன்ஸ்காரரோ உக்ரைன்காரரோ வேலை பார்க்கலாம். அந்த மாலுமி தூங்கும் இடத்துக்கு உலகச் சட்டம் இருக்கிறது. 2006ல் நிறைவேறி 2013 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை ஒவ்வொரு மாலுமிக்கும் தனிப் படுக்கை வேண்டும் என்கிறது. அது குறைந்தது 198 சென்டிமீட்டர் நீளமும் 80 சென்டிமீட்டர் அகலமும் இருக்க வேண்டும் என்கிறது. ஒருவர் தங்கும் அறை 3,000 டன்னுக்குக் குறைந்த சரக்குக் கப்பலிலும் நாலரைச் சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது; 10,000 டன்னும் அதற்கு மேலும் உள்ள கப்பலில் ஏழு சதுர மீட்டர். கனடா இதை 2010லேயே ஏற்றது, இந்தியா 2015ல் ஏற்றது. மோசமாக மீறிய கப்பலைத் துறைமுகத்து அதிகாரி நகரவிடாமல் பிடித்து வைக்கலாம். இடமே இல்லாத இரும்புப் பெட்டிக்குள், நடுக்கடலில், லாபக் கணக்குப் பார்க்கும் கப்பல் முதலாளியிடமிருந்து ஒரு கட்டிலை வாங்கிக் கொடுக்க முடிந்திருக்கிறது. உலகத்திலேயே பரப்பளவில் இரண்டாவது பெரிய நாட்டில், கரையில், ஐந்து மடங்குக்கும் மேல் கட்டணம் கட்டிய மாணவனுக்கு அதை வாங்கிக் கொடுக்க முடியாது என்பதை நான் ஏற்கமாட்டேன். மாலுமிக்குப் பின்னால் தொழிற்சங்கங்கள் நூறு வருடமாக நின்றன. மாணவனுக்குப் பின்னால் ஊரில் அடமானத்தில் இருக்கும் ஒரு வீடு மட்டும் நிற்கிறது.

இதைப் புது யோசனை என்றும் சொல்ல முடியாது. நம் முத்துக்குளித்துறையின் பழக்கமே இதுதான். மன்னார் வளைகுடாவில் சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, நடக்கும் என்று அறிவிப்பு வந்தால், தூத்துக்குடியிலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் குளியாட்களும் தோணிகளும் கிளம்புமுன், எதிரே இலங்கைக் கரையில் மறிச்சுக்கட்டியிலும் சிலாவத்துறையிலும் வெறும் மணற்காட்டில் ஒரு தற்காலிக ஊர் எழும்பும். 1903க்கும் 1907க்கும் இடையில் நடந்த பெரிய சலாபங்களுக்குப் பல்லாயிரம் பேர் போனார்கள். அவர்களுக்குக் கொட்டகைகள், குடிநீர், ஆஸ்பத்திரி, தபாலாபீஸ், நீதிமன்றம் எல்லாம் இலங்கைக் காலனி அரசு போட்டு வைத்தது. அந்த அரசை நான் புகழவில்லை. எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கை அதுதான் அள்ளியது. மூச்சடக்கி இறங்கியவனுக்கு மிஞ்சியது ஒரு பங்கு. முகாம் போட்டதும் கருணையால் இல்லை, கணக்கால். நெருக்கத்தில் காலரா வந்தால் ஆட்கள் ஓடிப்போவார்கள், சலாபம் பாதியில் நிற்கும், வருமானம் போகும். அப்படிப் பாதியில் நின்றதும் உண்டு. சுரண்டுவதற்கென்றே நடந்த அரசுக்குக்கூட, வருமானத்துக்காக அழைத்த ஆட்களுக்கு முதலில் இடம் போட வேண்டும் என்கிற அறிவு இருந்தது. ஜனநாயகமும் மனித உரிமையும் பேசுகிற இன்றைய மாகாணம் அதைவிடக் கீழே நிற்கலாமா? 2024 ஜனவரியில் ஒன்டாரியோ அரசு, புதிதாக வரும் வெளிநாட்டு மாணவர்களுக்கு வீட்டு வசதிக்கு வாய்ப்பு இருப்பதை எல்லாக் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் உறுதி செய்ய வேண்டும் என்று அறிவித்தது. நல்ல அறிவிப்பு. ஆனால் வாய்ப்பு இருப்பது வேறு, பெயர் எழுதி ஒதுக்கிய கட்டில் வேறு. சேர்க்கைக் கடிதத்தில் அறையின் முகவரி வராத வரை அந்த உறுதியை நம்பி மீனம்பாக்கத்தில் விமானம் ஏற முடியாது.

பதினெட்டு வயது தாண்டியவன் தன் வீட்டைத் தானே தேடிக்கொள்ளக் கூடாதா, உள்ளூர் மாணவன் அப்படித்தானே செய்கிறான், சட்டம்தான் இருக்கிறதே என்பார்கள். ஒன்டாரியோவின் வாடகைச் சட்டத்தைப் பற்றி எனக்கு உண்மையான மரியாதை உண்டு. முன்பணமாகக் கடைசி மாத வாடகைக்கு மேல் கேட்க முடியாது. வாடகை வழக்குகளைத் தீர்க்கும் வாரியத்தின் உத்தரவில்லாமல் வீட்டுக்காரர் யாரையும் வெளியேற்ற முடியாது. தமிழ்நாட்டின் 2017ஆம் வருடச் சட்டமும் மூன்று மாத அட்வான்ஸுக்கு மேல் கூடாது என்கிறது. சென்னையில் இன்றும் பத்து மாதம் கேட்கிற வீட்டுக்காரர் அந்தச் சட்டத்தின் பெயரைக்கூடக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். அதற்கும் முன்னால், நீங்கள் என்ன ஆட்கள், கறி மீன் சமைப்பீர்களா என்ற விசாரணை இருக்கிறது. இங்கே ஒருவர் என்ன ஆள் என்று பார்த்து வீடு மறுப்பது பொதுவாகச் சட்டத்துக்கு முரண். ஆனால் ஒன்டாரியோவின் இவ்வளவு நல்ல வாடகைச் சட்டத்தில் ஒரு விலக்கு இருக்கிறது. வீட்டுச் சொந்தக்காரரோடோ அவர் குடும்பத்தோடோ சமையலறையையோ குளியலறையையோ பகிர்ந்துகொள்ள வேண்டிய வாடகைதாரருக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. வாடகை ஒப்பந்தக்காரர் ஒருவர் தன் அறையில் இன்னொருவரைச் சேர்த்துக்கொண்டால், அந்த இன்னொருவரும் பெரும்பாலும் இதற்கு வெளியேதான். கையில் கனடா வருமானமும், கடன் வரலாறும், கையெழுத்துப் போட ஆளும் இல்லாமல் வந்திறங்கும் மாணவனுக்குக் கிடைப்பது பெரும்பாலும் இந்த இரண்டு வகை இடம்தான். உள்ளூர் மாணவனுக்கு வீடு சரியில்லை என்றால் திரும்பிப் போக அம்மா வீடு பஸ் தூரத்தில் இருக்கிறது. அவனையும் இவனையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

இந்த இடத்தில் நம் ஊரை விட்டுக்கொடுக்கவும் மனமில்லை. வெளியூரில் ஒரு கல்லூரி என்றால் நம் வீடுகளில் முதல் கேள்வியே ஹாஸ்டல் இருக்கிறதா என்பதுதான். 1977ல் தூத்துக்குடியில் தொடங்கிய மீன்வளக் கல்லூரிக்கு மற்ற மாவட்டத்துப் பிள்ளைகள் வளாக விடுதியை நம்பித்தான் வருகிறார்கள். அந்த மெஸ் சாப்பாட்டைப் பற்றி ஆயிரம் குறை சொல்லலாம். இரவு எங்கே படுப்போம் என்ற பயத்தோடு யாரும் பஸ்ஸிலிருந்து இறங்குவதில்லை. பெண்கள் தங்கும் விடுதிகளுக்கு உரிமம் கட்டாயம் என்று தமிழ்நாடு 2014லேயே சட்டம் போட்டது. எல்லாரும் பின்பற்றுவதில்லை என்பது தெரியும். ஆனாலும் இடம் கொடுப்பது அழைத்தவர் பொறுப்பு என்ற எண்ணம் நம்மிடம் ஊறியிருக்கிறது. இங்கே வந்தபின் அதை மறந்தவர்களும் உண்டு. டொரன்டோவை அடுத்த பிராம்ப்டன் நகராட்சி 2024 ஜனவரியில் வாடகை வீடுகளுக்கு உரிமத் திட்டம் கொண்டுவந்தபோது எதிர்த்துத் தெருவுக்கு வந்தவர்களில் தெற்காசிய வீட்டுக்காரர்கள் ஏராளம். திட்டம் சில வாரம் நின்று பிறகுதான் மீண்டும் தொடங்கியது. நெருக்கத்தில் லாபம் பார்த்தது நம் ஆட்களும்தான், அதை மறைப்பதில் அர்த்தமில்லை. ஆனால் அவர்களால் அப்படி லாபம் பார்க்க முடிந்ததே, பத்து லட்சம் பேரை வரச்சொன்னவர்கள் கட்டிலை எண்ணாமல் வரச்சொன்னதால்தான்.

கட்டிலோடுதான் அனுமதி என்றால் எண்ணிக்கை குறையும், ஏழைப் பிள்ளைக்குத்தான் கதவு மூடும் என்பது எனக்குக் கடினமான மறுப்பு. உப்பளத்தில் வேலை பார்த்தவரின் மகளும் தோணிக்காரர் மகனும் இந்தக் கதவு வழியாக நுழைந்திருக்கிறார்கள். அதை மூடச் சொல்லும் வாதம் என்னுடையதாக இருக்கக் கூடாது. ஆனால் கட்டிலை எண்ணாமல் திறந்த கதவு என்ன ஆனது? 2024 ஜனவரியில் கனடா மத்திய அரசு உச்சவரம்பு போட்டு அந்த ஆண்டின் புதிய அனுமதிகளை முந்தைய ஆண்டைவிட 35 சதவீதம் குறைப்பதாக அறிவித்தது. ஒன்டாரியோவுக்கு வெட்டு அதைவிட ஆழம். அடுத்தடுத்த ஆண்டுகளில் இன்னும் இறுக்கினார்கள். சொல்லப்பட்ட காரணங்களில் முதன்மையானது வீட்டு நெருக்கடி. ஆக, கட்டில் இல்லாததற்கான தண்டனையையும் மாணவனே கட்டினான். இருபதாயிரம் டாலரைத் தாண்டிய கையிருப்பு நிபந்தனை ஏழை வீட்டுக்குப் போட்ட தாழ்ப்பாள் இல்லையா? இந்தியாவில் ஏழரை லட்சத்துக்கு மேல் கல்விக்கடன் என்றால் வங்கிகள் வழக்கமாகச் சொத்து ஈடு கேட்கின்றன. ஈடாகக் கொடுக்க நம் குடும்பங்களிடம் இருப்பது குடியிருக்கும் வீடுதான். ஊரில் ஒரு வீட்டை அடகு வைத்து இங்கே வீடில்லாமல் நிற்கும் ஏற்பாட்டை ஏழைக்குத் திறந்த கதவு என்று நான் சொல்லமாட்டேன். படிப்படியாக, கட்டில் பெருகும் அளவுக்கு மட்டும் அழைத்திருந்தால், இன்று பாதி வழியில் நிற்கும் பிள்ளைகளுக்குக் கதவு திறந்தே இருந்திருக்கும்.

பல்கலைக்கழகத்தின் வேலை பாடம் நடத்துவது, வீடு கட்டுவது இல்லை என்பவர்களுக்கு டொரன்டோ பல்கலைக்கழகமே பதில். முதலாண்டு இளங்கலை மாணவருக்கு, வெளிநாட்டவர் உட்பட, விடுதியில் இடம் உண்டு என்று அது உத்தரவாதம் தருகிறது. முதுகலைக்கும் டிப்ளமோவுக்கும் வருகிற பெரும்பாலான நம் பிள்ளைகளுக்கு அப்படிப்பட்ட உத்தரவாதம் இல்லை என்பதுதான் குறை. மாணவர்களே சேர்ந்து நடத்தும் கூட்டுறவு விடுதி டொரன்டோவில் 1936லும் வாட்டர்லூவில் 1964லும் தொடங்கிவிட்டது. 2024 முதல் மாணவர் விடுதி கட்டவும் மத்திய அரசின் குறைந்த வட்டிக் கடன் கிடைக்கிறது. தென்மாவட்ட வணிகர்கள் வியாபாரத்தில் ஒரு சிறு பங்கை மகமை என்று ஒதுக்கிப் பள்ளிக்கூடமும் மாணவர் விடுதியும் கட்டியவர்கள். அந்தப் பழக்கம் கடல் தாண்டினால் மறந்துபோகத் தேவையில்லை. டொரன்டோ பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்கைக்கு 2021க்குள் 30 லட்சம் டாலர் திரட்டியது இதே சமூகம். அந்தப் பல்கலைக்கழகத்தின் ஸ்கார்பரோ வளாகமும் சென்டெனியல் கல்லூரியும் நம் கடைகளும் கோயில்களும் தேவாலயங்களும் நிறைந்த பகுதியில்தான் இருக்கின்றன. அங்கே ஒரு கூட்டுறவு விடுதிக்கு அடுத்த திரட்டல் நடக்கட்டும். தூத்துக்குடியில் கன்சல்டன்சி வாசலில் உட்கார்ந்திருக்கும் அப்பா அம்மா, ரேங்கையும் வேலை வாய்ப்பையும் விசாரிப்பதற்கு முன், என் பிள்ளை முதல் வருடம் தங்கும் அறையின் முகவரியையும் வாடகையையும் எழுத்தில் கொடுங்கள் என்று கேட்கட்டும். எழுதித் தர மறுக்கிற கல்லூரிக்குப் பணம் கட்ட வேண்டாம்.