எண்ணையே பெயராகக் கொண்ட ஊர்

ஊருக்குப் பெயர் வைக்க ஆற்றைப் பார்ப்பார்கள், மலையைப் பார்ப்பார்கள், சாமியைப் பார்ப்பார்கள், அரசனைப் பார்ப்பார்கள். காலண்டரைப் பார்த்துப் பெயர் வைத்த ஊர் ஒன்று ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. அதன் பெயர் 1770!

குயின்ஸ்லாந்து மாநிலத்தின் கடலோரத்தில், பிரிஸ்பேனுக்கு வடக்கே இருக்கும் சின்னஞ்சிறு ஊர் இது. அரசாங்கப் பதிவேட்டில், காசோலையில் தொகை எழுதுவதைப் போல, 'செவன்டீன் செவன்டி' என்று எழுத்தால் எழுதுகிறார்கள். மற்றபடி 1770 என்று எண்ணாலும் எழுதுவதுண்டு. மூன்று பக்கமும் கடல். ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் இருந்துகொண்டே, சூரியன் கடலில் மறைவதைப் பார்க்கக் கிடைக்கும் மிகச் சில இடங்களில் இதுவும் ஒன்று.

சரி, இந்தப் பெயர் எப்படி வந்தது? 1770 மே மாதத்தில் ஜேம்ஸ் குக்கின் 'என்டெவர்' கப்பல் இங்கே நங்கூரம் போட்டது. பாட்டனி பேவுக்குப் பிறகு ஆஸ்திரேலிய மண்ணில் குக் இறங்கிய இரண்டாவது இடம் இது. இன்றைய குயின்ஸ்லாந்தைப் பொறுத்தவரை இதுதான் முதல் இடம்.

ஆனால் குக் இந்த இடத்துக்கு ஆண்டின் பெயரை வைக்கவில்லை. அவருடைய ஆட்கள் ஒரு பெரிய பறவையைச் சுட்டார்கள். நம்மூர் கானமயிலுக்கு உறவான பஸ்டர்ட் பறவை அது. எடை பதினேழரைப் பவுண்டு, அதாவது ஏறக்குறைய 8 கிலோ. இங்கிலாந்தை விட்டுக் கிளம்பியதிலிருந்து இத்தனை ருசியான பறவைக் கறி கிடைத்ததில்லை என்று சாப்பிட்டவர்கள் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். குக் அந்த வளைகுடாவுக்கு 'பஸ்டர்ட் பே' என்று பெயர் வைத்தார். ஒரு சாப்பாட்டின் நன்றிக்கடன்! ஊருக்கு முதலில் இருந்த பெயர் ரவுண்ட் ஹில். 1770 என்ற பெயர் 20ஆம் நூற்றாண்டில்தான் வந்தது. பக்கத்து ஊரான ஆக்னஸ் வாட்டருக்கோ, 1873இல் கடலில் காணாமல் போன 'ஆக்னஸ்' என்ற பாய்மரக் கப்பலின் பெயர்.

இதில் யோசிக்க ஒன்று உண்டு. குக்கோடு கரையிறங்கிய ஜோசப் பேங்க்ஸ் அங்கே சிறுசிறு தீ மூட்டங்களையும், அவற்றின் அருகே சிப்பி ஓடுகளையும் பார்த்ததாக எழுதியிருக்கிறார். தீ மூட்டியவர்கள் மட்டும் அங்கே இல்லை. அது கூரெங் கூரெங் மக்களின் நிலம். கப்பல் வருவதற்கு முன்பே அங்கே அடுப்பு மூட்டி, சிப்பி சுட்டுத் தின்று வாழ்ந்தவர்கள் அவர்கள்.

கணக்கு எழுதுபவர்களுக்கு ஒரு பாலபாடம் உண்டு. தொடக்க இருப்பை எழுதாமல் புதுப் பேரேடு தொடங்கினால், அதன்பின் போடும் கூட்டல் எல்லாமே தப்பாகிவிடும். 1770 என்ற பெயர்ப் பலகையும் அப்படிப்பட்ட பேரேடுதான். அந்த ஆண்டு வந்தவர்களின் வரவை அது பதிந்து வைத்திருக்கிறது. அதற்கு முன்னால் இருந்தவர்களின் கணக்கு அதில் இல்லை.

பெயரை மாற்ற வேண்டும் என்பதில்லை. அந்தப் பலகையைப் பார்க்கிறவர்கள் '1769இல் இங்கே யார் இருந்தார்கள்?' என்று ஒரு முறை கேட்டுக்கொண்டால், அந்தத் தீ மூட்டங்களும் கணக்கில் வந்துவிடும்.