பள்ளம் பார்த்து டயர் வாங்குங்கள்

சென்னையில் மெட்ரோ வேலை நடக்கிற சாலைகளில் தினமும் கார் ஓட்டுபவர்கள், டயர் மாற்றும்போது அழகைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

டயரின் பக்கவாட்டில் 195/55 ஆர்16 என்று எழுதியிருந்தால், 195 மில்லிமீட்டர் அகலம், அதில் 55 சதவீதம் பக்கச்சுவரின் உயரம், 16 இன்ச் ரிம். அதாவது ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே சுமார் 107 மி.மீ. 185/65 ஆர்15 போட்டால் அதுவே 120. சக்கரத்தின் மொத்த உயரம் ஏறக்குறைய ஒன்றுதான். அந்தக் கூடுதல் 13 மி.மீ. ரப்பரும் காற்றும்தான் பள்ளத்தின் அடியை வாங்கிக்கொள்ளும். சில மாடல்களில் இரண்டு அளவுமே கம்பெனியிலேயே வருகின்றன. மேனுவலில் பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

என் ஓட்டு ஸ்டீல் ரிம்முக்கே. மழைத்தண்ணீருக்குள் மறைந்திருக்கும் பள்ளத்தில் இறங்கினால் அது வளையும், பெண்டு எடுத்துவிடலாம். அலாய் விரிசல் விட்டால் வேறுதான் வாங்க வேண்டும்.

போன வாரம் தங்கையின் காரில் பார்த்தேன், டயரின் பக்கத்தில் கொழுக்கட்டை போல ஒரு புடைப்பு. உள்ளே நூலிழை அறுந்துவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பஞ்சர் ஒட்டு கிடையாது. அன்றே மாற்றச் சொன்னேன்.

புது டயரில் நான்கு இலக்க எண்ணையும் பாருங்கள்: 2324 என்றால் 2024-இன் 23-வது வாரத் தயாரிப்பு. பழைய சரக்கைத் தயங்காமல் திருப்பிக் கொடுங்கள்.