"சொந்த டீம் தோத்ததுக்குக் கைதட்டினேன்!" - பஃபலோவில் ஒரு கோவில்பட்டி ரசிகரின் பத்து வருட உறுத்தல்

2015 மார்ச் 26. அமெரிக்காவின் பஃபலோ நகரம். உள்ளூர் ஐஸ் ஹாக்கி அணியான பஃபலோ சேபர்ஸுக்கும் அரிசோனா அணிக்கும் ஆட்டம். 3-3 என்று சமநிலையில் இருந்ததால் கூடுதல் நேரம். அரிசோனாவின் சாம் காக்னர் கோல் அடிக்கிறார். சேபர்ஸ் சொந்த மண்ணில் தோற்றுவிட்டது.

அரங்கில் பலத்த கைதட்டல். விசில். கொண்டாட்டம்!

கொண்டாடியது அரிசோனா ரசிகர்கள் அல்ல. சேபர்ஸ் ஜெர்சி போட்டிருந்த பஃபலோ ரசிகர்கள்தான். அந்தக் கூட்டத்தில் ஒரு கோவில்பட்டிக்காரரும் இருந்தார். அவரும் எழுந்து நின்று கைதட்டினார்.

பத்து வருடங்கள் ஓடிவிட்டன. அந்தக் கைதட்டல் இன்னும் அவரை உறுத்திக்கொண்டிருக்கிறது.

கரிசல் காட்டிலிருந்து பனிக்கட்டிக்கு

கோவில்பட்டி என்றதும் பலருக்குக் கடலைமிட்டாய் ஞாபகம் வரும். ஆனால், அந்த ஊர்க்காரர்களைக் கேட்டால் முதலில் ஹாக்கியைத்தான் சொல்வார்கள். கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2020-ல்தான். ஹாக்கி மட்டையோ அதற்குப் பல தலைமுறை முன்பே அந்தத் தெருக்களில் இருக்கிறது.

இவரும் அப்படி வளர்ந்தவர்தான். அப்பா தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதியவர். சாயங்காலம் ஆனால் மகனை சைக்கிளில் உட்காரவைத்து மைதானத்துக்குக் கூட்டிப்போவார். பள்ளி அணியில் தடுப்பாட்டக்காரராக ஆடிய மகன், 2009-ல் மேற்படிப்புக்காக பஃபலோ போனார். 'இது ஹாக்கி ஊர்' என்று யாரோ சொல்ல, சந்தோஷமாகிவிட்டது. போய்ப் பார்த்தால் புல்லும் இல்லை, பந்தும் இல்லை. காலில் ஸ்கேட்ஸ், கீழே பனிக்கட்டி, பந்துக்குப் பதில் 'பக்' என்கிற ரப்பர் வில்லை. அணிக்குப் பதினொரு பேர் இல்லை. கோல்கீப்பரோடு சேர்த்து ஆறே பேர்.

ஆனாலும் இரண்டாவது ஆட்டத்திலேயே விழுந்துவிட்டார். காரணம் எளிது. 2010, 2011 இரண்டு வருடமும் சேபர்ஸ், ப்ளே ஆஃப் எனப்படும் அடுத்த சுற்றுக்குப் போனது. ஊரே நீலமும் தங்கமுமாக இருந்தது.

அதற்குப் பிறகு?

2011-12 சீசனில் தொடங்கி 2024-25 சீசன் வரை, 14 முறை தொடர்ந்து சேபர்ஸ் ப்ளே ஆஃப் பக்கமே போகவில்லை. என்.ஹெச்.எல் எனப்படும் அந்த லீக்கில் இப்போது 32 அணிகள். அதில் 16 அணிகளுக்கு ப்ளே ஆஃபில் இடம் உண்டு. பாதிப் பேர் பாஸாகும் பரீட்சையில் தொடர்ந்து 14 வருடம் ஃபெயில்! லீக்கின் வரலாற்றிலேயே வேறு எந்த அணியும் இவ்வளவு காலம் வெளியே நின்றதில்லை.

அவருடைய மகன் பிறந்தது 2012-ல். இப்போது 13 வயது. 2024-25 சீசன் வரை தன் ஊர் அணி ப்ளே ஆஃப் ஆடி அவன் பார்த்ததே இல்லை.

ஏன் கைதட்டினார்கள்?

அதைப் புரிந்துகொள்ள 'டிராஃப்ட்' என்ற முறையைத் தெரிந்துகொள்ள வேண்டும். வருடாவருடம் புதிய இளம் வீரர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும். முந்தைய சீசனில் மோசமாக ஆடிய அணிகளுக்கு முன்வரிசை. பலவீனமான அணி பலமாகட்டும் என்ற நல்ல எண்ணம்தான். ஆனால், இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. தோற்றால் பரிசு!

2015 டிராஃப்டில் கானர் மெக்டேவிட் என்ற பையன் காத்திருந்தான். தலைமுறைக்கு ஒருவன் என்று எல்லோரும் சொன்னார்கள். அவனுக்கு அடுத்து ஜாக் ஐகல். கடைசி இடம் பிடிக்கும் அணிக்கு இந்த இருவரில் ஒருவர் உறுதி. எனவே, சேபர்ஸ் நிர்வாகம் நல்ல வீரர்களை ஒவ்வொருவராக அனுப்பிவிட்டு, அணியை அடிமட்டத்துக்கு இறக்கியது. அன்று ஆடிய அரிசோனா, கடைசிக்கு முந்தைய இடத்தில் இருந்த அணி. அவர்களிடம் தோற்றால் சேபர்ஸின் கடைசி இடம் பத்திரம். அதனால்தான் அந்தக் கைதட்டல்.

தோற்ற வீரர்கள் சிலர் அன்றே வெளிப்படையாக வருத்தப்பட்டார்கள். சொந்த ரசிகர்களே எதிரணிக்குக் கைதட்டினால் யாருக்குத்தான் வலிக்காது?

திட்டப்படி சேபர்ஸ் கடைசி இடம் பிடித்தது. முதல் தேர்வுக்கான குலுக்கலில் அதற்கு 20 சதவிகித வாய்ப்பு. சீட்டு விழுந்ததோ எட்மன்டன் அணிக்கு. மெக்டேவிட் அங்கே போனான். சேபர்ஸுக்கு ஐகல்.

அன்றிரவு கோவில்பட்டிக்கு போன் செய்து அப்பாவிடம் இந்தக் கணக்கையெல்லாம் விளக்கியிருக்கிறார் மகன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அப்பா ஒன்றே ஒன்று கேட்டாராம். "தோக்குறதைப் பாக்க எதுக்குய்யா டிக்கெட் வாங்கிப் போன?"

விதை நல்ல விதைதான்

ஐகல் நல்ல வீரர்தான். கேப்டனும் ஆனார். ஆனால், பஃபலோவில் அவர் ஒரு ப்ளே ஆஃப் ஆட்டம்கூட ஆடவில்லை. கழுத்துக் காயத்துக்கு எந்த அறுவை சிகிச்சை செய்வது என்பதில் அணி நிர்வாகத்தோடு கருத்து வேறுபாடு. 2021 நவம்பரில் வேகாஸ் அணிக்கு மாற்றப்பட்டார். 2023-ல் அங்கே ஸ்டான்லி கோப்பையைத் தூக்கினார்.

அவர் மட்டுமா? 2018-ல், தோல்வி அணிக்குள் பழகிப்போய்விட்டது, விளையாட்டின் மீது இருந்த காதலே சில நேரம் காணாமல் போகிறது என்று மனம் விட்டுப் பேசினார் ரையன் ஓரைலி. அந்தக் கோடையிலேயே செயின்ட் லூயிஸ் அணிக்கு அனுப்பப்பட்டார். அடுத்த வருடமே அங்கே கோப்பை. ப்ளே ஆஃபின் சிறந்த வீரர் விருதும் அவருக்கே. கோல்கீப்பர் லைனஸ் உல்மார்க் 2021-ல் பாஸ்டன் போனார். 2023-ல் லீக்கின் சிறந்த கோல்கீப்பர். சாம் ரைன்ஹார்ட் அதே 2021-ல் ஃப்ளோரிடா போனார். 2024 இறுதிப் போட்டியின் ஏழாவது ஆட்டத்தில் கோப்பையை வென்று தந்த கோல் அவருடையது. 2025-லும் கோப்பை. அந்தக் கடைசி ஆட்டத்தில் அவர் மட்டும் நான்கு கோல்!

"எங்க ஊர் கரிசல் மண்ணு. விதைச்சது முளைக்கலைன்னா ஒரு தடவை விதையைக் குறை சொல்லலாம். நாலு தடவை முளைக்கலை, அதே விதை பக்கத்து வயல்ல செழிப்பா நிக்குதுன்னா? அப்பவும் விதையையா திட்டுவோம்?" என்பதுதான் அவர் கேள்வி.

பனைமரம் இல்லையாம்!

2024 டிசம்பரில் சேபர்ஸ் தொடர்ந்து 13 ஆட்டங்களில் வெற்றியே இல்லாமல் தவித்தது. அந்த மாதம் பத்திரிகையாளர் சந்திப்பில் பொது மேலாளர் கெவின் ஆடம்ஸ், வெளி வீரர்களை பஃபலோவுக்கு வரவழைப்பது ஏன் கஷ்டம் என்று விளக்கினார். இங்கே பனைமரங்கள் இல்லை, வரியும் அதிகம் என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. ரசிகர்கள் விடுவார்களா? காற்றடைத்த பிளாஸ்டிக் பனைமரங்களோடு அரங்குக்கு வந்துவிட்டார்கள்.

நம்மவருக்கோ சிரிப்பு தாங்கவில்லை. "எங்க ஊர்ல பனைமரத்துக்குக் குறைச்சலே இல்ல. அதுக்காக எல்லாரும் ஊர்லயேவா இருந்துட்டோம்? நல்ல வேலை, மதிக்கிற ஆளுங்க இருந்தா பனியில்கூட வந்து குடும்பம் நடத்துவோம். நான் நடத்தலையா?"

சரி, என்னதான் செய்யலாம்?

பதினாறு வருடமாக டிக்கெட் வாங்கிய அனுபவத்தில் அவர் சில யோசனைகள் வைத்திருக்கிறார்.

முதலாவது, தோல்வியைத் திட்டமாக வைக்கக் கூடாது. டிராஃப்டில் நல்ல பையன் கிடைத்தால் சந்தோஷம்தான். 2018-ல் ராஸ்மஸ் டாலின், 2021-ல் ஓவன் பவர் என்று இரண்டு முறை முதல் தேர்வே சேபர்ஸுக்குக் கிடைத்தது. டாலின்தான் இன்றைய கேப்டன். ஆனாலும் 2024-25 சீசன் வரை ப்ளே ஆஃப் எட்டவில்லை. தோற்பதற்காகவே ஓர் அணியைக் கட்டினால், அடுத்த வருடம் சுவிட்சைப் போட்டதுபோல வெற்றி வந்துவிடாது.

இரண்டாவது, சின்னப் பசங்களோடு பெரியவர்களும் வேண்டும். டிராஃப்ட் மூலம் எழுந்த அணிகள் இல்லையா? இருக்கின்றன. சிகாகோ 2006-ல் ஜொனாதன் டேவ்ஸையும், 2007-ல் பேட்ரிக் கேனையும் எடுத்தது. ஆனால், பசங்களை மட்டும் நம்பி உட்காரவில்லை. 2009-ல் மரியன் ஹோசா என்ற அனுபவசாலியையும் கூட்டிவந்தது. 2010-ல் கோப்பை. கோவில்பட்டி மைதானத்திலும் அதுதான் வழக்கம். சீனியர் அண்ணன்கள் பக்கத்தில் ஆடினால்தான் சின்னவன் கற்றுக்கொள்வான். பயிற்சியாளர் கத்திக் கற்றுத்தருவது பாதி. பக்கத்தில் ஆடுகிறவனைப் பார்த்துக் கற்றுக்கொள்வது மீதி.

மூன்றாவது, பயிற்சியாளரை மாற்றுவது மருந்து அல்ல. 2013-ல் லிண்டி ரஃப் நீக்கப்பட்டார். பிறகு ரால்ஸ்டன், நோலன், பைல்ஸ்மா, ஹவுஸ்லி, க்ரூகர், கிரனாட்டோ என்று ஆறு பேர் வந்து போனார்கள். 2024-ல் யாரைக் கூப்பிட்டார்கள்? அதே லிண்டி ரஃப்பை! ஊரைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்தாயிற்று. ஒவ்வொரு பயிற்சியாளருக்கும் ஒரு பாணி. இளம் வீரன் எந்தப் பாணியைத்தான் பழகுவான்?

நான்காவது, போகிறவர்களைக் கேளுங்கள். ஒருவர் வெளியேறினால், அவருக்குப் பதில் யார் கிடைப்பார் என்பதோடு கணக்கு முடியக் கூடாது. ஏன் போகிறார், அங்கே போய் ஏன் ஜொலிக்கிறார் என்பதற்கும் விடை வேண்டும். அந்த விடை கிடைக்காதவரை அடுத்து வரும் ஐகலும் இன்னோர் ஊரில்தான் கோப்பை தூக்குவார்.

அந்த ஒரு கேள்வி

இத்தனை யோசனைகளும் அவருக்குப் பத்திரிகை படித்து மட்டும் வரவில்லை. போன வருடம் ஒரு சனிக்கிழமை மாலை, காரில் வைத்து வந்தவை.

மகன் ஊர்ச் சிறுவர் லீக்கில் ஐஸ் ஹாக்கி ஆடுகிறான். முதல் சில ஆட்டங்களின் முடிவை வைத்து எந்த அணி எந்தப் பிரிவில் ஆடும் என்று பிரிப்பார்கள். பயிற்சி முடிந்து திரும்பும் வழியில் அவன் சாதாரணமாகச் சொன்னான்.

"நாளைக்குத் தோத்தா நல்லதுப்பா."

"ஏன்டா?"

"கீழ் டிவிஷனுக்குப் போயிடலாம். அங்க நாங்கதான் பெஸ்ட். கப் அடிச்சிடலாம். கோச் சொல்லலை, பசங்க நாங்களே பேசிக்கிட்டோம்."

அவருக்குச் சட்டென்று பதில் வரவில்லை. திட்டுவதற்கு எந்தத் தகுதியும் இல்லை என்று தோன்றியதாம். அன்று இரவு சாப்பாட்டு மேஜையில் 2015 கதையை முழுசாகச் சொன்னார். கடைசி இடம், மெக்டேவிட், குலுக்கல், கைதட்டல்... எதையும் மறைக்கவில்லை. மனைவிக்கே அன்றுதான் தெரியும். "நீங்களுமாங்க கைதட்டினீங்க?" என்றார் அவர்.

மகன் தோசையைப் பிய்த்துக்கொண்டே கேட்டான். "அப்போ ஐஸ்ல இருந்த ப்ளேயர்ஸுக்கு அது கேட்டிருக்கும்லப்பா?"

"கேட்டிருக்கும்."

அதற்கு மேல் யாரும் பேசவில்லை.

மறுநாள் ஆட்டத்தில் மகனின் அணி 4-1 என்று தோற்றது. ஆனால், கடைசி விசில் வரை அவன் பக்கின் பின்னால் ஓடியதை அப்பா பார்த்தார். கீழ்ப் பிரிவுக்குத்தான் போனார்கள். அங்கும் கப் அடிக்கவில்லை, மூன்றாவது இடம். அந்தச் சின்னப் பதக்கம் இப்போது வீட்டில் டி.வி-க்குப் பக்கத்தில் தொங்குகிறது.

இன்னும் ஏன் விடவில்லை?

"பேசாம ஃப்ளோரிடா ஃபேன் ஆயிடலாம்ப்பா" என்று மகன் சில சமயம் கிண்டல் செய்வான். அதற்கு அப்பாவிடம் ஒரு பதில் இருக்கிறது. சேபர்ஸுக்கு முன்னால், அதிக காலம் ப்ளே ஆஃப் காணாத அணிகள் என்ற பெயர் யாருக்கு இருந்தது? ஃப்ளோரிடாவுக்கும் எட்மன்டனுக்கும்தான். இரண்டும் தலா 10 சீசன் வெளியே நின்றவை. 2024, 2025 இரண்டு வருடமும் இறுதிப் போட்டியில் மோதியவை அதே இரண்டு அணிகள்!

2022-23 சீசனில் சேபர்ஸுக்கு 91 புள்ளிகள். ப்ளே ஆஃபின் கடைசி இடத்தைப் பிடித்த ஃப்ளோரிடாவுக்கு 92. ஒரே ஒரு புள்ளி. அந்த ஃப்ளோரிடா அந்த வருடமே இறுதிப் போட்டி வரை போனது. தூரம் அவ்வளவு பெரிதில்லை என்று அவர் நம்புவதற்கு அந்த ஒரு புள்ளி போதும்.

கோவில்பட்டியிலிருந்து அப்பா இன்றும் சீசனுக்கு ஒருமுறை கேட்கிறார். "என்னய்யா, ஒங்க டீம் இந்தத் தடவையாவது ஜெயிக்குமா?"

"தெரியலப்பா" என்கிறார் மகன். "ஆனா இந்தத் தடவை தோக்கணும்னு நினைக்க மாட்டோம்."

அக்டோபரில் புதிய சீசன் தொடங்குகிறது. மூன்று டிக்கெட் வாங்கியாகிவிட்டது.