கூடு கட்ட ஒரு பிடி காகிதம்

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் ஒரகடம் நெருங்கினால் ஷிப்டு பேருந்துகள்தான் கண்ணில் படும். கார் ஆலைகளால் பேர் பெற்ற இதே சாலையில், படப்பையில், பூச்சிமருந்துகளின் நச்சுத்தன்மையைச் சோதிக்கும் ஐஐபாட் நிறுவனமும் இருக்கிறது. நான் போனது அங்கே அல்ல. ஆய்வுக்காகச் சுண்டெலி வளர்க்கும் வேறொரு சிறிய விலங்குக்கூடத்துக்கு.

காலணியைக் கழற்றி, கவுனும் முகக்கவசமும் மாட்டிய பிறகே உள்ளே விடுகிறார்கள். அடுக்கடுக்காகப் பாலிபுரொப்பிலின் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் ஆட்டோகிளேவ் எனும் நீராவிக் கலனில் சுத்தம் செய்த நெல் உமி. பராமரிப்பாளர் அக்கா ஒருவர் பிவிசி குழாயைச் சாண் நீளத்துக்கு அறுத்து, விளிம்பை உப்புத்தாளால் தேய்க்கிறார். "பிசிறு இருந்தா காலைக் கிழிச்சிடும் சார்." கட்டட வேலையில் மிஞ்சிய துண்டுகள்தான், காசு கிடையாது. குழாயை ஆட்டோகிளேவில் வைப்பதில்லை. 121 டிகிரியில் பிவிசி நெளிந்துவிடும். கிருமிநாசினியில் ஊறவைத்து அலசுகிறார்.

அந்தக் குழாய் சுண்டெலிக்கு ஒளிய இடம், அக்காவுக்கு அதைத் தூக்கும் கருவி. வாலைப் பிடித்துத் தூக்குவதைவிட, குழாய்க்குள் நுழையவிட்டு எடுத்தால் சுண்டெலியின் பதற்றம் குறைகிறது என்று லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் ஜேன் ஹர்ஸ்டும் ரெபெக்கா வெஸ்ட்டும் 2010-இல் காட்டினார்கள்.

அடுத்தது காகிதம். சுண்டெலி விரும்பும் வெப்பம் ஏறக்குறைய 30 டிகிரி. ஏசி அறையிலோ 22. நமக்கு இதமான அறையில் அது நடுங்குகிறது. நறுக்கிய காகிதம் 8 முதல் 10 கிராம் கிடைத்தால், தலைக்கு மேல் மூடிய கூட்டைத் தானே கட்டிக்கொள்ளும். பஞ்சை மட்டும் அக்கா தொடுவதே இல்லை. அதன் இழை குட்டிகளின் காலில் சுற்றிக்கொள்ளும்.

பெட்டி மாற்றும் நாளில்தான் அவருடைய கைத்திறன் முழுதாகத் தெரிகிறது. நனைந்த உமியைக் கொட்டிவிட்டு, கூட்டை மட்டும் கலையாமல் புதுப் பெட்டிக்கு எடுத்துவைக்கிறார். தங்கள் வாசனை கூடவே வந்தால் ஆண் சுண்டெலிகள் குறைவாகச் சண்டையிடும். நெதர்லாந்து ஆய்வுகளும் இதைத்தான் சொல்கின்றன.

இதெல்லாம் ஆய்வு முடிவைக் குழப்பாதா? எல்லாப் பெட்டிக்கும் ஒரே குழாய், ஒரே எடைக் காகிதம் கொடுத்துக் குறித்துவைத்தால் குழப்பம் குறைவு. வெறும் பெட்டியும் நடுநிலையானது அல்ல. துணையும் விளையாட்டுப் பொருட்களும் உள்ள கூண்டில் வளர்ந்த எலிகளுக்கு மூளைப் புறணி தடித்திருந்ததை 1964-இல் மரியன் டயமண்டும் பெர்க்லி சகாக்களும் வெளியிட்டார்கள். வெறும் பெட்டியில் வளர்வது வேறொரு எலி. அதன் ரத்தத்திலும் மூளையிலும் எடுக்கும் கணக்கை எப்படி நம்புவது?

இத்தகைய ஆய்வுகளுக்கு விதிகளும் உண்டு. விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960-இல் வந்தது. அதன்கீழ் 1998-இல் வந்த விதிகளால் விலங்காய்வு நடக்கும் ஒவ்வொரு ஆய்வகத்திலும் நெறிமுறைக் குழு அமைந்தது. எட்டு உறுப்பினர்கள்: விஞ்ஞானிகள், கால்நடை மருத்துவர், கூடத்தின் பொறுப்பாளர், வெளியாள், சமூக அக்கறையுள்ள ஒருவர், விலங்காய்வுகளைக் கண்காணிக்கும் அரசுக் குழுவின் பிரதிநிதி. பெட்டியைத் தினமும் திறந்து மூடுகிறவருக்கு அதில் இடமில்லை. எந்த எலி தீனியைத் தொடவில்லை, எந்தப் பெட்டியில் கூடு கலைந்தே கிடக்கிறது என்பதை முதலில் அறிபவர் அவர்தான்.

அவருக்கு அங்கே ஒரு நாற்காலி வேண்டும். விதி மாறும்வரை, ஆய்வு விண்ணப்பத்தில் அவருடைய குறிப்புக்கென ஒரு பத்தியையும், குழாய் தேய்க்கும் நேரத்துக்குக் கூலியையும் இந்தக் கூடங்கள் இப்போதே சேர்க்கலாம்.